உராய்வும் சொடுக்கும்

உதிரி பாகம் என்ற சொல்லில் ஒரு பொய் இருக்கிறது. எந்தப் பாகமும் உதிரியாக இருப்பதில்லை. கடைக்காரரின் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும்வரை அப்படி ஒரு தோற்றம் தருகிறது; அவ்வளவுதான். பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றின் கியர் லீவரை மட்டும் மாற்றினால் போதும் என்று புறப்படுகிறவருக்கு இது இரண்டே நாளில் விளங்கிவிடும். நம் விமர்சனத்துக்கு விளங்க இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ. இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. முதலில் சைக்கிள்.

என்னிடம் இருப்பது 1980-களின் தொடக்கத்தில் பிரான்சில் செய்த ஒரு பேஜோ. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்கள் புதுச்சேரியில் நிறைய. என் பெரியப்பா அவர்களில் ஒருவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் வண்டியை எனக்குத் தந்துவிட்டார். அதன்மேல் இருந்த அபிப்பிராயங்களைத் தரவில்லை. அவை இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன.

அந்த வண்டியில் கியர் லீவர்கள் ஹேண்டில்பாரில் இல்லை. தலைக்குழாயிலிருந்து பெடல் அச்சுக்குச் சரிந்து இறங்கும் குழாயின் இருபுறமும், முழங்கால் உயரத்தில், விரல் நீளத்துக்கு இரண்டு லீவர்கள். இடது லீவர் முன்னால் உள்ள இரண்டு பற்சக்கரங்களுக்கு, வலது லீவர் பின்னால் உள்ள ஆறுக்கு. லீவருக்குள் படிகள் ஏதும் கிடையாது. பின்னாலிருக்கும் டெரெய்லரின் ஸ்ப்ரிங் கேபிளை எப்போதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. லீவரின் திருகு அதைத் தடுத்து நிறுத்தும் அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். கை நகர்த்த முடியாத அளவு இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. லீவர் நின்ற இடத்தில் நிற்பது உராய்வு ஒன்றினால் மட்டுமே. திருகு தளர்ந்தால், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும் நேரம் பார்த்து செயின் தானாகக் கீழே இறங்கிவிடும். ஸிம்ப்ளெக்ஸ் கம்பெனி 1970-களில் லீவருக்குள் ஒரு சுருள் ஸ்ப்ரிங்கை வைத்து, இழுக்கும்போது இலகுவாகவும் விட்டபின் உறுதியாகவும் இருக்கும்படி செய்தது. என் வண்டியில் இருந்தவை அவைதாம். அந்த ஜாதி லீவர்களில் அதற்கு மேல் நயமான ஒன்றை நான் தொட்டதில்லை.

கியர் மாற்றுவது இப்படி: லீவரைக் கொஞ்சம் இழுக்கிறோம். செயின் கரகரக்கிறது. இன்னும் கொஞ்சம், பெரிய பல்லில் ஏறுகிறது. ஏறியபின் மயிரிழை பின்வாங்க வேண்டும். கரகரப்பு அடங்கினால் சரியான இடம். எது சரியான இடம் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் கிடையாது. காதும் பாதமும் சேர்ந்து சொல்வதுதான்.

இதை மாற்றியது 1984-ல் ஜப்பானிய ஷிமானோ கொண்டுவந்த டூரா-ஏஸ் 7400 வரிசை. லீவருக்குள் படிகள் வந்தன. ஒரு படிக்கு ஒரு ‘டக்’. ஒரு ‘டக்’குக்கு ஒரு பல். அதைச் சொடுக்கு என்றே இங்கு வைத்துக்கொள்கிறேன். முன்னமேயே சொடுக்கு வந்ததுண்டு. 1970-களில் அதே கம்பெனி பாஸிட்ரான் என்ற பெயரில் படிகளை டெரெய்லருக்குள் வைத்துப் பார்த்தது. ரேஸ்காரர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சொடுக்கு துல்லியமாக விழவேண்டுமானால் டெரெய்லரின் சிறு சக்கரம் எல்லாப் பற்சக்கரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நகர வேண்டும். அந்தச் சாய்ந்த இணைகர அமைப்பு ஸன்டூர் என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனியின் 1964-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. அதன் காப்புரிமை 1984-ல் காலாவதியானது. ஆக, லீவரில் கேட்கும் சத்தத்துக்குக் காரணம் லீவரில் இல்லை. அது இருப்பது வண்டியின் மறுகோடியில்.

பிறகு 1990-ல் ஷிமானோவும் 1992-ல் இத்தாலியின் காம்பக்னோலோவும் ப்ரேக் பிடிக்கும் லீவருக்குள்ளேயே கியரையும் வைத்துவிட்டன. கையை எடுக்காமல், எழுந்து நின்று மிதிக்கும்போதே கியர் மாற்றலாம் என்றாயிற்று. சைக்கிள் பந்தயத்தின் தாளமே இதனால் மாறியது.

இதையெல்லாம் பழமைக்காரனின் பெருமூச்சோடு சொல்லவில்லை. கியர் என்பதே ஒருகாலத்தில் இழிவாகக் கருதப்பட்டது. பிரான்சின் ஸேன்த்-எத்தியென் நகரில் போல் த விவீ என்பவர் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிக்கொண்டு, 1887-ல் தொடங்கிய தன்னுடைய ‘லெ சிக்லிஸ்த்’ பத்திரிகையில் வருஷக்கணக்காகக் கியருக்காக வாதாடினார். சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும், நம் இனம். 1902-ல் மலைப்பாதையில் நடந்த ஒரு போட்டியில், மூன்று கியர் வண்டியில் வந்த மார்த் ஹெஸ் என்ற பெண், ஒற்றைக் கியரில் வந்த பந்தய வீரரை, காலைத் தரையில் ஊன்றாமல் வென்றார். அதைப் பார்த்த பிறகும், மறு வருஷம் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கவிருந்த ஆன்ரி தெக்ராஞ்ஜ், கியரெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கானது என்றார். டூரில் டெரெய்லர் அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான். கஷ்டத்தைக் கலை என்று எண்ணிக்கொள்கிற மயக்கம் எல்லா ஊரிலும் உண்டு. உராய்வு லீவரைப் புகழ வருகிறவன் இதை மனதில் வைத்துக்கொண்டு புகழ வேண்டும்.

எனக்கு லீவரை மாற்றும் எண்ணம் வந்தது சொடுக்கின் மோகத்தால் அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று திடீரென்று அடிக்கும்போது கியர் இறக்க வேண்டும். ஒரு கையை எடுத்து முழங்காலுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அதே கணத்தில் விழுப்புரம் டிப்போ பஸ் ஒன்று முழங்கையை உரசினாற்போல் தாண்டும். அந்தக் கணத்துக்கு அழகியல் கிடையாது. ஒரு கையில் வண்டி ஆடுகிறது, அவ்வளவுதான். பெரியப்பாவிடம் சொன்னேன்.

“ஏண்டா, டக்குனு சத்தம் கேட்டாத்தான் கியர் விழுந்துச்சுன்னு நம்புவியா? செயின் சொல்றது காதுல விழலையா?”

“விழுது பெரியப்பா. பஸ் ஹார்னும் சேர்ந்து விழுது.”

அவர் ஓட்டிய சாலைகள் வேறு. அவர் வாதம் தவறல்ல, இடம் மாறிவிட்டது.

ப்ரேக்கோடு சேர்ந்த புதுவகை லீவரை எடுத்துக்கொண்டால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். அது எட்டோ ஒன்பதோ அதற்கு மேலோ பற்சக்கரங்களுக்காகச் செய்யப்பட்டது. எட்டு வேண்டுமானால் பின் ஹப் 130 மில்லிமீட்டர். என் வண்டியின் பின்முனைகளுக்கு இடையே 126. ஸ்டீல் பிரேம் என்பதால் நெகிழ்த்தி விரிக்கலாம், அலுமினியமானால் தொடக்கூடாது. விரித்தபின் புது வீல், அதற்குப் புது பற்சக்கரத் தொகுதி, அதற்குக் குறுகலான செயின், அதே குடும்பத்து டெரெய்லர். ப்ரேக்கும் அந்த லீவரின் இழுப்புக்குப் பொருந்த வேண்டும். கடைசியில் என்னிடம் மிஞ்சுவது ஒரு புது வண்டி, பேஜோ என்று எழுதிய குழாய்களில் தொங்கவிட்டது.

சரி, சொடுக்கு லீவரை மட்டும் போட்டு மற்றதைப் பழையபடி விட்டால்? கணக்கு எளிது. ஒன்பது பல்லுக்கான ஷிமானோ ரோடு லீவர் ஒரு சொடுக்குக்கு ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் கேபிளை இழுக்கிறது. அதற்கென்று செய்த டெரெய்லர் அதை 1.7 மடங்காக்கிப் பக்கவாட்டில் 4.3 சொச்சம் நகர்கிறது. ஒன்பது பல் தொகுதியில் பல்லுக்குப் பல் இடைவெளியும் அதுதான். பழைய ஆறு பல் ப்ரீவீலில் இடைவெளி சுமார் 5.5. முதல் சொடுக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகு, இரண்டாவதில் அதன் இரட்டிப்பு. மூன்றாவதில் செயின் இரண்டு பற்களுக்கும் நடுவில், எங்கும் சேராமல் நின்று அரைக்கும். டெரெய்லரும் வேறு கம்பெனியுடையதானால் பிசகு எந்தப் பக்கம் போகும் என்பதற்குத் தனிக் கணக்கு. லீவர் மட்டும் ‘டக்’ என்று தீர்மானமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். சொடுக்கு என்பது லீவரின் குணம் அல்ல. லீவர், கேபிள், டெரெய்லர், பற்சக்கரம் ஆகிய நான்கும் செய்துகொண்ட ஒப்பந்தம். நாலில் ஒன்றை வாங்கி வந்தால் கையில் இருப்பது சத்தம் மட்டுமே.

இங்கேதான் எனக்கு நம் கவிதையின் ஞாபகம் வந்தது. வெண்பா ஒரு சொடுக்கு யந்திரம். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். ஈற்றில் நாள், மலர், காசு, பிறப்பு. ஒவ்வொரு சீரும் அடுத்த சீரில் ‘டக்’ என்று விழுகிறது. கனிச்சீர் ஒன்று, தன்னளவில் எவ்வளவு இனிதாக இருந்தாலும், அங்கே விழாது. அது சீரின் குற்றமல்ல, ஒப்பந்தம் வேறு. 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இடம் கொடுத்த புதுக்கவிதை, யாப்பின் படிகளை எடுத்துவிட்டு உராய்வை வைத்தது. படி இல்லை என்றால் பொறுப்பு இல்லை என்று அர்த்தமல்ல; பொறுப்பு முழுவதும் காதின்மேல் வந்து விழுகிறது என்று அர்த்தம். பின்னால் வந்த பலருக்குப் படி எடுத்துவிட்ட செய்தி எட்டியது. கரகரப்பு அடங்கும்வரை வரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும் என்ற செய்தி எட்டவில்லை. இன்று அச்சாகும் கவிதைகளில் பாதி, இரண்டு பற்களுக்கு நடுவே ஓடுகிற செயின். எழுதியவருக்கே அந்தச் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் வியப்பு.

விமர்சனம் இதற்கு நேர் எதிரான காரியத்தைச் செய்தது. 1980-களில் அமைப்பியல் இங்கு வந்தபோது, பின்னாலேயே மற்றவையும் வந்தபோது, ஒவ்வொரு கலைச்சொல்லும் ஒரு சொடுக்கு லீவராக வந்து இறங்கியது. ஸஸ்யூர் சொன்னதே, ஒரு குறிக்கு மதிப்பு தன்னால் அல்ல, அமைப்பில் மற்றவற்றோடு கொண்ட வேறுபாட்டால் என்பதைத்தான். அந்தக் கொள்கையையே நாம் உதிரி பாகமாக வாங்கினோம். நம் பற்களின் இடைவெளியை யார் அளந்தார்கள்? தொல்காப்பியத்தின் செய்யுளியலையோ உரையாசிரியர்களையோ பக்கத்தில் வைத்து அளந்தவர்கள் சிலர் உண்டு. அவர்கள் எழுத்து இன்றும் ஓடுகிறது. மற்றவை தீர்மானமாகச் சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டன.

நான் உட்காரும் கவுன்டரிலும் சொடுக்குதான். டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகாவிட்டால் கம்ப்யூட்டர் பதிவை ஏற்காது. லெட்ஜரை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிவரை ஐந்து பைசாவைத் தேடிய கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று எந்தக் குமாஸ்தாவும் விரும்பமாட்டான். கூட்டல் தவற இப்போது இடமில்லை. ஆனால் சரியான தொகையைத் தவறான கணக்கில் போட நிறைய இடமிருக்கிறது. அதற்கு யந்திரம் ‘டக்’ என்றுதான் சொல்லும்.

வண்டிக்கு நான் செய்தது இதுதான். ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்முனைகளில் செருகும் வகை லீவர்கள் உண்டு, அவற்றை வாங்கினேன். கை ஹேண்டிலை விட்டுப் போக வேண்டியதில்லை. வலது லீவரில் ஒரு வளையம். திருப்பினால் சொடுக்கு, மறுபுறம் திருப்பினால் வெறும் உராய்வு. சொடுக்கை உலகத்துக்கு விற்ற கம்பெனிகளே உராய்வுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தன என்பது கவனிக்கத் தக்கது. கேபிள் உறைகளுக்குக் கீழ்க் குழாயில் ஒரு பிடிப்பு வேண்டும். கடையில் கிடைத்த பட்டை 28.6 மில்லிமீட்டர்க் குழாய்க்கானது. பிரெஞ்சுக் குழாய் 28. முத்தியால்பேட்டை சைக்கிள் கடைக்காரர் குளிர்பான டப்பாவின் தகட்டை நறுக்கி மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். “நாடு நாட்டுக்கு அரை மில்லி வித்தியாசம் வெச்சிருக்கான் சார்,” என்றார். தரப்படுத்தல் பற்றி இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. ஒன்று மட்டும் அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது: கியருக்கான உறையின் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, அதை ப்ரேக்குக்குப் போட்டால் அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ப்ரீவீல் பழையது, டெரெய்லர் பழையது. எனவே வளையம் இப்போது உராய்வின் பக்கம் திரும்பியிருக்கிறது. கை மட்டும் இடம் மாறியது; தீர்ப்பு காதிடமே இருக்கிறது. பின் வீல் தேய்ந்து, மாற்றியே ஆகவேண்டிய நாளில், மற்ற மூன்றையும் சேர்த்து மாற்றி வளையத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதில் எனக்கு எந்த வெட்கமும் இராது. நூறு கிலோமீட்டர் மிதித்துக் களைத்தவனுக்குச் சொடுக்கு ஒரு கருணை.

லீவர் மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் வண்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்துப் பற்களை எண்ணிப் பார்க்கட்டும், இடைவெளியை அளந்துகொள்ளட்டும். கடைக்குப் பிறகு போகலாம். கட்டுரை எழுத உட்காருகிறவர்களுக்கும் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.