காற்றை விளாவும் கை

மேட்டுப்பாளையத்தில் கார் ஏ.சி. வேலை கற்றுக்கொள்ளக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சமவெளி ஊர்களில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வண்டியை விடுகிறவர் அபூர்வம். எங்கள் ஷெட் வாசலில் இரண்டு வகையினரும் நிற்பார்கள். மலையேறப் போகிறவர் கூலிங் பத்தவில்லை என்பார். ஊட்டியிலிருந்து இறங்கி வந்தவர், ராத்திரி ஹீட்டர் காலை வாரிவிட்டது என்பார். 50 கிலோமீட்டர் சாலையில் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம். கீழே குளிர்ச்சி, மேலே கதகதப்பு என இரண்டையும் ஒரே வண்டி ஒரே நாளில் தந்தாக வேண்டும்.

அங்கே சேர்ந்தபோது எனக்கு 19 வயது. கேஸ் அடிக்கத் தெரிந்துகொண்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி, கேஸ் அடிக்கப் பயன்படும் கேஜ் செட்டைத் தொடவே விடவில்லை. ஒரு பழைய வண்டியில் என்னை உட்காரவைத்தார். "கண்ண மூடிக்க கண்ணு. லீவர நகத்து. என்ன கேக்குதுன்னு சொல்லு."

திரையெல்லாம் வராத காலத்து டாஷ்போர்டு. மூன்று லீவர், நாலு எண் போட்ட புளோயர் குமிழ், ஒரு ஏ.சி. பட்டன், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு முதல் லீவரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் தள்ளினேன். முகத்தில் அடித்த காற்று நின்று பாதத்தில் பட்டது. இன்னும் தள்ளினால் முன்கண்ணாடியின் அடியில் 'உஸ்' என்றது. இரண்டாவது லீவரைத் தள்ளியதும் புளோயரின் இரைச்சலே மாறிப்போனது. வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுழற்றும்போது, புளோயர் இடது பக்கத்து சீட்டின் கால்மாட்டிலிருந்து இழுக்கிறது. அதனால்தான் அந்தச் சத்தம். ஒவ்வொரு கோடியிலும் உள்ளே ஒரு கதவு 'டப்' என்று போய் உட்காரும். கதவில் ஒட்டிய ஸ்பான்ஜ் உதிர்ந்திருந்தால் 'டப்' இருக்காது, 'கடக்' என்று இடிக்கும். இது காதுக்குப் பிடிபடவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

லீவருக்கும் கதவுக்கும் நடுவில் இருப்பது ஒரு கம்பி. சைக்கிள் பிரேக் கம்பியைப் போல உறைக்குள் ஓடுகிறது. கை எவ்வளவு நகர்கிறதோ அந்த அளவுக்குக் கதவும் திறக்கும். இன்றைய பல வண்டிகளில் திரையைத் தொட்டால் ஒரு குட்டி மோட்டார் அந்தக் கதவைத் திருப்புகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கதவு சிக்கிக்கொண்டால் அந்தப் பாரம் விரலுக்குத் தெரியாது. பழைய லீவரில் தெரியும். நான் பழைய வண்டிகளின் பக்கம் நிற்பது அதனால்தான்.

மூன்றாவது லீவரில்தான் என் மொத்தத் தவறும் இருந்தது. ஒரு முனையில் நீலம், மறு முனையில் சிவப்பு. நீலத்துக்குத் தள்ளினால் ஏ.சி. கூடுதலாகக் குளிரை உண்டாக்கும் என்று நம்பியிருந்தேன். வண்டியோட்டுகிற பலரும் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறார்கள். மேஸ்திரி கேட்டார்: "குளிக்கறதுக்கு உங்கம்மா வெந்நி விளாவித் தருவாங்கல்ல? அந்த விளாவுற கைதான் இது."

பட்டனை அழுத்தியதும் கம்ப்ரசரின் காந்தக் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறது. கூலிங் காயில் தன்னால் முடிந்த மட்டும் குளிர்கிறது. அதன் மேல் ஐஸ் கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் தெர்மோஸ்டாட் அவ்வப்போது கம்ப்ரசரை நிறுத்துகிறது. லீவருக்கு அதில் வேலையில்லை. குளிர்ந்து வந்த காற்றில் எவ்வளவை ஹீட்டர் காயில் வழியாகச் சுற்றிவிடுவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். ஹீட்டர் காயில் என்பது சின்ன ரேடியேட்டர். இன்ஜினைக் குளிர்விக்கிற, 90 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேறிய தண்ணீர் அதற்குள் ஓடுகிறது. சில வண்டிகளில் கதவுக்குப் பதில் அந்தத் தண்ணீரையே திறந்து மூடும் வால்வைக் கம்பி இழுக்கும். பின்னால் ஏ.சி. பொருத்திய அம்பாசிடர்களில் விளாவலே கிடையாது. டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் அந்தப் பெட்டியின் குமிழ் வெறும் தெர்மோஸ்டாட்தான், கம்ப்ரசர் எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். எந்த வண்டி எந்த வகை என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பது மேஸ்திரியின் கண்டிப்பு.

இதற்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவின் பேக்கார்ட் கார். 1940ஆம் ஆண்டு மாடலில் ஏ.சி. வந்தது. அதில் கம்ப்ரசரை நிறுத்த சுவிட்சே இல்லை. குளிர் வேண்டாமென்றால் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இதைப் படித்த நாளிலிருந்து அந்தச் சின்னப் பட்டனை அழுத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு மரியாதை.

விளாவுதல் புரிந்ததும் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. ஐப்பசி மழையில் குன்னூர் ஏறுகிறவர்களுக்கு முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டுவார்கள். வளைவில் அரை நொடி பாதை தெரியாமல் போவது சின்ன விஷயமில்லை. அந்தக் குளிரில் ஏ.சி.யைப் போடச் சொன்னால் முறைப்பார்கள். ஆனால் செய்ய வேண்டியது அதுதான். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, காற்றிலிருக்கும் ஈரம் கூலிங் காயிலில் படிந்து சொட்டி, வண்டிக்கு அடியில் குழாய் வழியே இறங்கிவிடும். அப்படி உலர்ந்த காற்றை ஹீட்டரில் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்ப வேண்டும். வெளிக்காற்று திறந்திருக்க வேண்டும், உள்காற்றைச் சுழற்றினால் மூச்சின் ஈரமும் கூடவே சுழலும். ஏ.சி. பட்டன் அழுத்தியிருக்க, லீவர் சிவப்பில், காற்று கண்ணாடிக்கு. ஒன்றுக்கொன்று முரண்போலத் தெரியும் மூன்றும் சேர்ந்தால் சில நிமிடங்களில் பாதை தெரியும்.

மூன்றாவது வாரம் குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவியோடு 1998 மாடல் வண்டியில் வந்தார். "ஏனுங்க, ரெண்டு எடத்துல கேஸ் அடிச்சாச்சு. கீழ எறங்குனா வெறும் வெக்கக் காத்துதானுங்க வருது" என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

பானெட்டைத் திறந்து, கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாயைத் தொட்டேன். சில்லென்று வியர்த்திருந்தது. கிளட்ச் ஒழுங்காகப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. கேஸில் குறையில்லை. உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது லீவரை நகர்த்தினேன். வழுக்கிக்கொண்டு போனது. பாரம் இல்லை, கோடியில் 'டப்' இல்லை.

"அண்ணா, இது விளாவிட்டே இருக்குதுங்க" என்றேன்.

"நிரூபிச்சுக் காட்டு."

ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் துணியைச் சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கி வெந்நீரை நிறுத்தினேன். பழைய ரப்பர், வெறும் இரும்பு பட்டால் வெடித்துவிடும். காற்று வரும் வாயில் செருகிய தெர்மாமீட்டர் 21 காட்டியது. ஐந்து நிமிடத்தில் 9. ஆசிரியரின் மனைவி கையை நீட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார்.

டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். கம்பியின் உறையைப் பிடித்திருக்க வேண்டிய க்ளிப்பைக் காணோம். லீவரைத் தள்ளினால் உறையும் சேர்ந்தே நகர்ந்தது, கதவு பாதி திறந்தபடி நின்றிருந்தது. கதவைக் கையால் முழுக்கக் குளிர்ப் பக்கம் சாத்தி, லீவரை நீலத்தின் கோடியில் வைத்து, புது க்ளிப் மாட்டினேன். 'டப்'. கிளாம்பைக் கழற்றிய பிறகும் 9 அப்படியே நின்றது.

எழுந்து கையைத் துடைத்தேன். மேஸ்திரி கேட்டார்: "சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப அவருக்கு என்ன வேணும்?"

சிவப்புக் கோடியை நான் பார்த்திருக்கவில்லை. தள்ளிப் பார்த்தால், கதவு முழுக்கத் திரும்புவதற்குள் லீவர் முட்டி நின்றது. மறுபடி உள்ளே போய் உறையை மூன்று மில்லிமீட்டர் நகர்த்திப் பூட்டினேன். இப்போது இரண்டு கோடியிலும் 'டப்' கேட்டது. வாடிக்கையாளரை நிற்கவைத்து இரண்டையும் ஐந்தைந்து முறை கேட்டேன்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு ஆசிரியர் போன் செய்தார். "பர்லியார் தாண்டி சிவப்புல வெச்சேனுங்க. அம்மணிக்குக் காலுக்கு நல்லா எதமா இருந்துதாம்."

அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி கேஜ் செட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.