பரிந்துரைத்தல் என்னும் பொறுப்பு

எந்த நூலை வாசிக்கலாம் என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்பது எளிய வினாவாகவே தோன்றும். ஆயினும், அவ்வினாவுக்கு விடை கூறுவோருட் பலர் தம்மை அறியாமலே இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்துவிடுகின்றனர். தாம் கற்றவர் என்பதைக் காட்டும் நூல்களை அடுக்குவது ஒன்று. பிறர் புகழக் கேட்டுப் பெயரளவில் அறிந்த நூல்களைத் தாமும் புகழ்வது மற்றையது. இரண்டிலும் கேட்டவருக்குக் கிடைப்பது ஒரு பட்டியலேயன்றி ஒரு நூலன்று.

ஒரு பரிந்துரை எத்துணைப் பெரிய விளைவைத் தரக்கூடும் என்பதற்கு 1880ஆம் ஆண்டிற் கும்பகோணத்தில் நிகழ்ந்த சந்திப்பொன்று போதிய சான்றாகும். அவ்வாண்டில் அங்குள்ள கல்லூரியிலே தமிழாசிரியராகப் பணியேற்ற உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்குப் புதிதாக மாற்றம் பெற்று வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் உலாக்களையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. அவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவிச் சீவகசிந்தாமணியின் பெயரைக் கூறினார். கூறியதோடு நில்லாது, பின்னர் அதன் கையெழுத்துப் பிரதியொன்றையும் கொடுத்தார். ஏழாண்டுகளின் பின், 1887இல், அக்காப்பியம் ஐயரின் பதிப்பாக அச்சேறியது. தமது கல்வியின் குறையை ஒருவர் நேரிற் சுட்டிக்காட்டியதை ஐயர் மறைக்கவில்லை; தமது வரலாற்றில் விரிவாகவே எழுதிவைத்தார்.

இந்நிகழ்ச்சியைத் தம் மாணவருக்குப் பலமுறை எடுத்துரைத்த முதியவர் ஒருவர் வடமராட்சியில் வாழ்கின்றார். தமிழாசிரியராகவும் பாடசாலை நூலகப் பொறுப்பாளராகவும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அவருக்கு இப்பொழுது எண்பது வயது கடந்துவிட்டது. அவருடைய மகளின் மகள் பேராதனையிற் பொறியியல் கற்கத் தெரிவாகியிருந்தாள். புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர் அவள் அவரிடம் வந்து, "அம்மப்பா, பாடப்புத்தகம் இல்லாமல் வேற என்ன வாசிக்கலாம் எண்டு எழுதித் தாங்கோ. எல்லா வகையிலயும் ஒவ்வொண்டு இருந்தாற் போதும்" என்றாள்.

முதியவர் மகிழ்ச்சியோடு கொப்பியொன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். மாலைக்குள் இருபத்தேழு நூல்களின் பெயர்கள் சேர்ந்துவிட்டன. மறுநாட் காலையில் அப்பட்டியலைப் பார்த்தபோது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவற்றுள் முதலிலிருந்து முடிவுவரை வாசித்தவை எவை என்று தம்மையே கேட்டார். பத்து நூல்கள் நீங்கின. அப்பத்தினுள் வகுப்பறையில் அவர் பல்லாண்டுகளாகப் புகழ்ந்துவந்த நூல்களும் இருந்தன. எஞ்சியவற்றுள் இரண்டாம் முறையும் வாசிக்க விரும்பி எடுத்தவை எவை என்று அடுத்துக் கேட்டார். மேலும் பன்னிரண்டு நீங்கின. ஐந்து நூல்களே எஞ்சி நின்றன. ஒவ்வொன்றன் சிறப்பையும் குறையையும் எழுதிக் கொடுப்பதென அவர் தீர்மானித்தார். குறையைச் சொல்லாத பரிந்துரை விளம்பரமாகிவிடும் என்பது அவர் கருத்து.

தன்வரலாற்றுக்கு அவர் எழுதியது உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இந்நூல், ஆசிரியரின் மறைவினால் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. வறுமையிலும் கல்வியைத் தேடி ஊரூராகச் சென்ற ஓர் இளைஞனின் கதை இது. குருவுக்கும் மாணவனுக்கும் இடையிலான உறவின் வரலாறும் ஆகும். சிறுப்பிட்டியிற் பிறந்து கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றியும் இதிற் படிக்கலாம். "நடை ஆறுதலானது, அவசரப்படுவோர் நூறு பக்கங்களுக்குள் மூடிவிடக்கூடும். பரீட்சை முடிந்த விடுமுறையில் எடுக்கவும்" என்று அவர் குறித்தார்.

கவிதைக்கு அவர் தெரிந்தெடுத்தது அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவியின் 'குறும்பா'. 1966இல் வெளிவந்த இத்தொகுதி, ஆங்கிலத்தில் லிமரிக் எனப்படும் ஐந்தடிச் சிறு பாவினத்தைத் தமிழ் யாப்புக்கும் ஈழத்து வாழ்வுக்கும் இசையச் செய்தது. கவிதையென்றாற் கண்ணை மூடி உருகவேண்டும் என்று எண்ணுவோரை இந்நூல் சிரிக்கவைக்கும். சிரித்து முடிந்த பின்னரே அச்சிரிப்புத் தம்மையும் குறித்தது என்பதை அவர்கள் உணர்வர். 1971இல், தமது 44ஆம் வயதில், மஹாகவி காலமானார். "அக்காலத்து வழக்கங்களை அறியாதோருக்குச் சில குறும்பாக்கள் விளங்காமற் போகலாம், விளங்கியவையே போதும்" என்பது முதியவரின் குறிப்பு.

மூன்றாவது, ஆங்கிலத்தில் உள்ள றொபேட் நொக்ஸின் இலங்கை பற்றிய நூல். 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்துக் கிராமங்களிற் சிறையிருந்து, 1679இல் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சென்றவர் நொக்ஸ். 1681இல் வெளியான அவரது நூலில் உழவு, நீர்ப்பாய்ச்சல், வீடமைப்பு, உணவு, நீதி வழங்கல் ஆகிய யாவும் கண்ணாரக் கண்டபடி எழுதப்பட்டுள்ளன. பொறியியல் கற்கப்போகும் மாணவிக்கு அவை பயன்படும் என்று அவர் எண்ணினார். நொக்ஸின் வாழ்விலிருந்து அவர் விரும்பிச் சொல்லும் செய்தியொன்றுண்டு. வாசிக்க நூலின்றி வாடிய அக்கைதி, முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியப் பிரதியொன்று இருக்கக் கண்டு, பின்னிய தொப்பியொன்றை விலையாகக் கொடுத்து அதனைப் பெற்றார். நூலாற் பின்னிய தொப்பிக்கு நூலொன்று மாற்றானது. "தன் சமயமல்லாத சமயங்களைப் பற்றி இவர் எழுதுமிடங்களில் நிதானம் குறைவு, அங்கே விழிப்போடு வாசிக்கவும்" என்று அவர் சேர்த்துக்கொண்டார்.

நான்காவது ஒரு மொழிபெயர்ப்பு. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட 'கம்பெரலிய' என்னும் சிங்கள நாவல், எம். எம். உவைஸினால் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரிலே தமிழாக்கப்பட்டது. 1963இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதனைத் திரைப்படமாகவும் ஆக்கினார். தென்னிலங்கைக் கிராமமொன்றிற் பழம்பெருமை மிக்க பெருவீடு சிறிது சிறிதாகச் சிதைவதும், அவ்வீட்டாராற் குறைவாக மதிக்கப்பட்ட பியல் வணிகத்தால் உயர்வதும் இதன் கதை. முதன்முறை வாசித்தபோது தமது ஊரின் நாற்சார் வீடுகளையே அதிற் கண்டதாக முதியவர் கூறுவார். சிங்கள மாணவரோடு ஒரே விடுதியில் வாழப்போகும் பேத்திக்கு அவர்களுடைய பாட்டன் பாட்டியரின் உலகத்தை இந்நூல் அறிமுகஞ் செய்யும் என்பது அவர் நம்பிக்கை. "மொழிபெயர்ப்பின் ஓசை ஆங்காங்கே கேட்கும், பொறுத்துக்கொள்க" என்று எழுதினார்.

ஐந்தாவது நூலின் பெயரை எழுதிய பின் அவருடைய பேனா நின்றுவிட்டது. அது கே. டானியலின் 'பஞ்சமர்'. 1972இல் வெளிவந்த அந்நாவல் யாழ்ப்பாணத்துச் சாதியொடுக்குமுறையையும் அதற்கெதிரான எழுச்சியையும் ஒடுக்கப்பட்டோரின் பக்கத்தில் நின்று கூறுவது. சாதியின் பெயராற் பொது இடங்களிலிருந்து ஒருவரை விலக்குவதைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டும், 1960களின் இறுதியிற் கோயில்களுக்குள்ளும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் நுழைவதற்கு மக்கள் போராடவேண்டியிருந்தது. அப்போராட்டங்களில் நேரடியாகப் பங்குபற்றியவர் டானியல். பாத்திரங்கள் மிகப் பல என்பதும், கருத்துச் சிலவிடங்களிற் கதையை முந்திச் செல்கின்றது என்பதும் முதியவர் கண்ட குறைகள். அவற்றை எழுதுவதில் அவருக்குத் தயக்கமில்லை. எழுதத் தயங்கியது வேறொன்று.

அந்நாவல் வெளிவந்து சில ஆண்டுகளுள், அன்பளிப்புப் பொதியொன்றில் அதன் பிரதி அவருடைய பாடசாலை நூலகத்துக்கு வந்தது. அவர் அதனை இடாப்பிற் பதியாமல் அலுமாரியின் மேற்றட்டில் வைத்துப் பூட்டினார். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் வந்து அந்நூல் இருக்கின்றதா என்று கேட்டான். எந்த மக்களைப் பற்றி அந்நாவல் பேசுகின்றதோ அவர்களுள் ஒருவன் அவன். இல்லை என்று ஆசிரியர் விடை சொன்னார். அலுமாரியின் திறப்பு அப்போது அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. மாணவன் சற்று நேரம் நின்று, "சரி சேர்" என்று கூறிப் போனான். அதன்பின் அவன் நூலகத்துக்கு வரவேயில்லை. பாடசாலையிற் கலகம் வேண்டாம், பையனுக்கும் தீங்கு நேரவேண்டாம் என்ற எண்ணத்தாலேயே அவ்வாறு செய்ததாக ஆசிரியர் நெடுநாள் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீவைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரிந்த மண்டபத்தைப் பார்த்துத் திரும்பிய ஆசிரியருக்கு, பூட்டிய அலுமாரி நினைவுக்கு வந்தது. நூலை எரிப்பதும் நூலை ஒளிப்பதும் ஒன்றல்ல. அதனை அவர் அறிவார். ஆயினும், கேட்டு வந்தவன் வெறுங்கையோடு திரும்பிப் போனான் என்ற அளவில், அம்மாணவனுக்கு இரண்டும் வேறாக இருந்திருக்குமா என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை. அந்த வாரத்தில் அவர் அலுமாரியைத் திறந்து நூலை இடாப்பிற் பதிந்தார். மாணவன் அதற்கு முன்பே பாடசாலையை விட்டுச் சென்றிருந்தான். ஆசிரியர் தமக்கென ஒரு பிரதியை வாங்கி அப்பொழுதுதான் முழுமையாக வாசித்தார்; பின்னர் இன்னொரு முறையும் வாசித்தார்.

இவ்வளவையும் அவர் ஐந்தாவது நூலின் குறிப்பாக எழுதினார். பட்டியலை வாசித்த பேத்தி அவ்விடத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அம்மப்பா ஒளிச்சனீங்கள்?"

"பயம், பிள்ளை. அவனுக்குக் கேடு வந்திடும் எண்ட பயம் எண்டுதான் அப்ப சொல்லிக்கொண்டன். பிறகு வாசிச்சபோதுதான் தெரிஞ்சுது, அந்தப் புத்தகத்துக்குள்ள நாங்களும் இருக்கிறம். கடைக்கு உள்ளே இருந்து குடிச்ச ஆக்களாய்."

அவள் மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று நூலொன்றைத் தேடிப் பெறுதல் முன்போல அரிதன்று. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிமத் திட்டத்தின் வாயிலாக ஈழத்து நூல்கள் பல கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. திறப்பை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் போய்விட்டது. அது நன்று. ஆனால், எதை வாசிப்பது என்ற வினா அதனாற் குறையவில்லை, கூடியே இருக்கின்றது. அவ்வினாவுக்கு விடை சொல்வோர் தாம் வாசித்ததைச் சொல்லுதல் வேண்டும். அதன் குறையையும் சொல்லுதல் வேண்டும். தமக்கு இதமானவற்றோடு தம்மைச் சுட்டவற்றையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். கும்பகோணத்து முன்சீப் ஓர் இளம் ஆசிரியருக்குச் செய்தது இதுவே. வடமராட்சியில் ஆசிரியர் ஒருவர் தம் மாணவனுக்குச் செய்யத் தவறியதும் இதுவே.

பேத்தி புறப்பட்ட நாளன்று முதியவர் ஐந்து நூல்களையும் மேசைமீது எடுத்து வைத்தார். நான்கைத் தன் பெட்டியின் அடியில் வைத்த அவள், பஞ்சமரை மட்டும் பேருந்தில் வாசிப்பதற்கென்று கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாசித்து முடித்ததும் அதனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம் என்றும், யாராவது கேட்டாற் கொடுத்துவிடும்படியும் அவர் சொல்லியனுப்பினார்.