கிதாபு அலமாரியைச் சுவரோடு பிணைத்தல்



தேக்கு வாங்கி, தச்சரை வரவழைத்து, நாள்கணக்கில் முற்றத்தில் இழைத்துச் செய்த கிதாபு அலமாரிகள் நம் பெரியவர்களின் காலத்தோடு அருகிவிட்டன. வாடகை வீடுகளில் வாழும் நம்மில் பலருக்கு இன்று கிட்டுவது, அட்டைப்பெட்டியில் பலகைகளாக வந்து வீட்டில் கோர்த்து நிறுத்தப்படும் ஆயத்த அலமாரியே. அதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. ஆயினும், அது நமது இல்லத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டதன்று.

சென்ற ரமளானுக்கு முன் நாமும் ஒன்றை வாங்கினோம். ஆறடி உயரம், 80 செ.மீ. அகலம். மரச்சில்லுகளைப் பிசினிட்டு அழுத்திச் செய்த பலகை. 'பார்ட்டிகிள் போர்டு' என்பர். பார்வைக்கு அழகு, பாரத்துக்கும் ஈரத்துக்கும் அஞ்சும். தஃப்ஸீர் தொகுதி ஒன்று 1 கிலோவைத் தாண்டும். ஒரு தட்டில் ஏறக்குறைய 20 அடங்கும். அப்பாரத்தில் தட்டு நாளடைவில் நடுவே தொய்யும். ஆகவே கோர்க்கும் முன்பே, ஒவ்வொரு தட்டின் முன்விளிம்புக்கு அடியிலும் ஒன்றரை அங்குல மரச்சட்டத்தை ஃபெவிகால் இட்டுத் திருகினோம். முதலில் மெல்லிய துளையிட்டுக்கொள்வது அவசியம். இல்லையேல் பலகை பிளந்து உதிரும். தரை துடைக்கும் நீர் பட்டு அடிப்பலகை உப்பாதிருக்க, கீழே ரப்பர் குமிழ்களைப் பொருத்தினோம். பின்புற அட்டையை மெல்லியதென்று அலட்சியம் செய்துவிடாதீர்கள். அலமாரி பக்கவாட்டில் கோணாமல் நிற்பது அதனால்தான்.

"உஸ்தாதின் கையில் டிரில்லா?" என்று நகைத்தோரும் உண்டு. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி.

இதுவரை சொன்னவை எந்த வீட்டுக்கும் பொருந்தும். நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கனமானவற்றைக் கீழே வையுங்கள் என்பது அலமாரி செய்வோர் தரும் அறிவுரை. நமது அதபோ முஸ்ஹஃபையும் தஃப்ஸீரையும் ஹதீஸ் கிதாபுகளையும் மேலே வைக்கச் சொல்கிறது. கூடத்தில் பாய் விரித்து உறங்கும் குடும்பத்தில், கால் நீட்டும் மட்டத்தில் கிதாபை வைக்க யாருக்கு மனம் வரும்? ஆக, கனம் மேலேறுகிறது, அடிப்பகுதி இலேசாகிறது. அதன் எதிரில் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. தட்டுகளைப் படிகளாகக் கருதி ஏறுவது அதன் இயல்பு. 2016ஆம் ஆண்டு ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரில் பிணைக்காதபோது அவை சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்திருந்தனர். மரியாதையின் பொருட்டுக் கனத்தை மேலேற்றும் நமக்கு அந்தப் பிணைப்பு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

ஆனால் வாடகை வீட்டின் சுவர் பிறர் உடைமை. கேளாமல் துளையிடுதல் கூடாது. உரிமையாளர் முதலில் தயங்கினார். இரண்டே துளைகள்தாம், காலி செய்யும்போது அடைத்து வண்ணம் பூசித் தருவோம் என்றதும் இசைந்தார். கேட்கக் கூச்சப்பட்டு இந்த வேலையையே விட்டுவிடும் குடும்பங்களை நாம் அறிவோம்.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே துளையிடலாகாது. உள்ளே மின்கம்பி செல்லும். துளை, பூச்சைக் கடந்து செங்கல் வரை செல்ல வேண்டும். அதில் பிளாஸ்டிக் பிளக்கை அடித்து, 'எல்' வடிவ இரும்புப் பட்டையைத் திருகி, மறுமுனையை அலமாரியின் மேற்பலகையில் பொருத்தினோம். பின்புற அட்டையில் பொருத்தினால் பயனில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் உள்ளது. மக்தபில் பலமுறை அதை விளக்கியிருக்கிறோம். எட்டடிச் சுவரின் முன் ஸ்டூலில் நின்று திருகியபோது அதுவே நினைவுக்கு வந்தது.

இப்போது முஸ்ஹஃப்கள் மேல்தட்டில், தஃப்ஸீர் அதற்கடுத்து. மிட்டாய் டப்பாவையோ விளையாட்டுப் பொருளையோ மேலே வைப்பதில்லை. குழந்தையை ஏறத் தூண்டுபவை அவைதாம். அடித்தட்டில் இரும்புக் கருவிப் பெட்டியையும் பழைய செய்தித்தாள் கட்டுகளையும் அடுக்கியுள்ளோம். அதற்கு மேல்தட்டை இளைய மகனின் பொம்மைகளுக்கென்று நமது துணைவியார் ஒதுக்கிவிட்டார். எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடுவதுதான் அவனது காலைநேர வேலை.