லட்சத்துக்கு கமா போடும் ஒத்தை வரி

பி.காம் படிக்கிறவனுக்கு ரெஜெக்ஸ் எதுக்குன்னு கேட்டுடாதீங்க மக்களே. டெஸ்க்டாப் ஓரத்தில் டாலர் ரேட்டும் சந்தை நிலவரமும் ஓடிக்கிட்டு இருக்கணும்னு ஆசைப்பட்டா, நாலாவது நாளே ரெஜெக்ஸ் வீட்டு வாசலில் வந்து நிக்கும்.

விண்டோஸ் விஸ்டாவோட வந்த கேட்ஜெட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2012-ல் பாதுகாப்பு காரணம் சொல்லி கைகழுவிடுச்சு. ரெயின்மீட்டர் இன்னும் இருக்கு, அதுவும் இலவசமா. அதில் ஒரு ஸ்கின் என்பது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். வர்ற எழுத்தை மாத்திக் காட்ட 'சப்ஸ்டிட்யூட்' என்று ஒரு வரி எழுதணும். இடப்பக்கம் பழசு, நடுவில் ஒரு முக்காற்புள்ளி, வலப்பக்கம் புதுசு. எத்தனை ஜோடி வேணும்னாலும் கமா போட்டு அடுக்கலாம். அதுங்க வரிசையா ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு ஓடும். இந்த 'வரிசையா' என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

மாசத்தை 1, 2 என்று எண்ணாகக் கொடுக்கிற இடத்தில் தமிழ்ல பேர் வரணும்னு "1":"ஜனவரி","2":"பிப்ரவரி" என்று ஆரம்பிச்சு எழுதுறோம்னு வைங்க. பத்து மாசம் வரைக்கும்கூட தாங்காது. டிசம்பர்ல 'ஜனவரிபிப்ரவரி' என்று ஒரு புது மாசம் பிறக்கும் :-) ஏன்னா 12-க்குள்ளயும் ஒரு 1 இருக்கே. 'ரெக்எக்ஸ்ப்சப்ஸ்டிட்யூட்=1' என்று இன்னொரு வரி சேர்த்துட்டு "^1$":"ஜனவரி" என்று எழுதினா சரியாயிடும். ^ என்றால் ஆரம்பம், $ என்றால் முடிவு. ஆக, முழுசும் வெறும் 1-ஆக இருந்தால் மட்டும் மாத்து என்று அர்த்தம். (டாலர் குறிக்கு இங்கே பணத்தோட எந்த சம்பந்தமும் இல்லை. எனக்கு அது பழகவே ரெண்டு நாள் ஆச்சு.)

இப்ப நம்ம துறைக்கு வருவோம். வெளியிலிருந்து வர்ற எண் பெரும்பாலும் 1,234,567.50 என்று மூணு மூணாப் பிரிச்சுத்தான் வரும். நமக்கு 12,34,567.50 என்று பார்த்தால்தான் 'பன்னெண்டு லட்சம்' என்று கண்ணு படிக்கும். பிரச்சனை என்னன்னா, கமாவை நாம வலதுபக்கத்திலிருந்து எண்ணிப் போடுறோம், ரெஜெக்ஸ் இடதுபக்கத்திலிருந்து படிச்சுக்கிட்டு வருது. அதுக்குத்தான் முன்னோக்கிப் பார்க்கிற வசதி:

"([0-9])(?=([0-9][0-9])+[0-9]$)":"\1,"

அடைப்புக்குள் ?= என்று வந்தால், எட்டிப் பார்க்கும் ஆனா எடுத்துக்காது. ஒரு இலக்கத்துக்கு அப்புறம் ரெண்டு ரெண்டு இலக்கமா சிலதும், கடைசியா ஒத்தை இலக்கமும் இருக்கா? இருந்தால் அந்த இலக்கத்தையே திருப்பி வெச்சு (அதுதான் \1) பக்கத்துல ஒரு கமா போடு. 1234567 அழகா 12,34,567 ஆகும்.

இதோட நிறுத்தியிருந்தா இந்தப் பதிவே தேவையில்லை. இதே வரிக்கு 83.1234 என்று ஒரு மாற்று விகிதத்தைக் கொடுத்துப் பாருங்க. 83.1,234 என்று காட்டும்! புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற 1-க்கு அப்புறம் சரியா மூணு இலக்கம் இருக்கு, எண்ணும் அங்கே முடியுது. ரெஜெக்ஸ் பார்வையில எல்லாம் சரி. பிழைச் செய்தி வராது, சிவப்பு நிறம் வராது. அவசரமா பார்க்கிறவன் அதை எப்படிப் படிப்பான்?

அதனால கடைசியில் இருக்கிற $-க்குப் பதிலா \. போட்டுடணும். வெறும் புள்ளி என்றால் 'ஏதோ ஒரு எழுத்து' என்று எடுத்துக்கும், அதான் முன்னாடி அந்தக் கோடு. இப்ப தசமப் புள்ளிக்கு இடதுபக்கம் மட்டும்தான் கமா விழும். 83.1234 அப்படியே இருக்கும். பைசா இல்லாம வெறும் 1234567 வந்தால் கமாவே விழாது. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா தப்பு இல்லை. என்னைக் கேட்டா, பண விஷயத்தில் அழகா தப்பு பண்றதைவிட இது எவ்வளவோ மேல்.

அசிங்கமும் கூடாது என்கிறவங்களுக்கு மூணு ஜோடி:

",":"","^([0-9]+)$":"\1.00","([0-9])(?=([0-9][0-9])+[0-9]\.)":"\1,"

முதல்ல வந்த கமாவை எல்லாம் தூக்கு. பைசா இல்லைன்னா .00 சேர். அப்புறம் நம்ம கமா. வரிசையை மாத்தி, தூக்குற ஜோடியைக் கடைசியில வெச்சா போட்ட கமா எல்லாம் போயிடும். அப்புறம், இதைத் தொகை வர்ற இடத்தில் மட்டும் வைங்க. வருஷம் வர்ற இடத்தில் வெச்சா 2024 என்பது 2,024.00 ஆயிடும். அது வருஷமா ரூபாயான்னு ரெஜெக்ஸுக்கு எப்படித் தெரியும்?

தமிழ்ல பேர் போடுறவங்களுக்கு ஒண்ணு. ஃபைலை நோட்பேடில் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-16 எல்.இ. தேர்ந்தெடுங்க, இல்லைன்னா ஜனவரிக்குப் பதிலா ஜிலேபி எழுத்துதான் வரும். இன்னொண்ணு, 'கோடி' நமக்கு ரெண்டு எழுத்து, ரெஜெக்ஸுக்கு நாலு. க தனி, அதோட கொம்பும் காலும் சேர்ந்து தனி. "க"-வை மட்டும் மாத்தச் சொன்னீங்கன்னா கோடியோட கொம்பு அநாதையாத் தொங்கும்.