குரல் குழைய வேண்டும்

கிடாரில் மெட்டு வாசிப்பவன் பாடகனுக்கு நேர். அவன் குரல் கீச்சிட்டால் அவை கலைந்துவிடும். நம் விடுதி இசைக்குழுவின் ஒலிபெருக்கியில் அந்தக் கீச்சுதான் பெருந்தொல்லை. ராகத்தின் இழைவைக் காட்டக் கம்பியை வளைத்தால், தகரத்தைச் சுரண்டிய ஓசை! புதிது வாங்கலாம் என்றனர் தோழர்கள். பணத்துக்கு எங்கே போவது?

அது மாட்யூல் வகை. பெட்டியில் செருகும் சிறு தட்டில் 12ஏஎக்ஸ்7 வால்வுகள் இரண்டு. பழைய மார்ஷல் பெட்டிகளைப்போல, அதில் 470 கிலோ ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 470 பிகோஃபாரட் கண்டென்சர் இருந்தது. உச்ச ஒலிகளுக்கு அது குறுக்குவழி. அவற்றை அடுத்த வால்வு சிதறடித்துக் கரகரப்பாக்குகிறது. அதைக் கழற்றினேன். பிறகு, வால்வின் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டரின் குறுக்கே 500 பிகோஃபாரட் வைத்தேன். சுமார் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மெல்லத் தேயும். 1,000 வைத்தும் பார்த்தேன்: கம்பளிக்குள் பாடுவது போலிருந்தது!

தோழர்களே, விளையாட்டல்ல இது. சுவிட்சை அணைத்த பின்னும் பெரிய கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ரெசிஸ்டர் வழியே அதை வடித்து, மீட்டரில் அளந்த பிறகே கை வைத்தேன்.

கிடார் நாகசுரமாகிவிடவில்லை. ஆயினும் 'ரி'யிலிருந்து 'க'வுக்கு ஏறும் இழைவு இப்போது காதில் விழுகிறது. டிரம் வாசிக்கும் வங்காளத் தோழன் மட்டும் பழைய கூர்மையே வேண்டுமென்கிறான். கழற்றிய கண்டென்சரை அவனுக்காக ஓர் உறையிலிட்டு வைத்திருக்கிறேன்.