எள்ளளவு எள்ளளவாக

சுந்தன், உபசுந்தன் என்ற அசுரச் சகோதரர்களை ஒழிப்பதற்காகத் திலோத்தமையைச் சிருஷ்டித்த கதை நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று உலகங்களிலும் அழகான வஸ்துக்கள் என்னென்ன உண்டோ, அவை ஒவ்வொன்றிலிருந்தும் எள்ளளவு எள்ளளவாக எடுத்துச் சேர்த்து விசுவகர்மா அவளை உருவாக்கினானாம். இந்தக் காலத்தில் பாட்டுக்களையும் அதே முறையில்தான் உருவாக்குகிறார்கள். ஒரே பாட்டை ஏழெட்டுத் தடவை பாடச் சொல்லி அத்தனையையும் பதிவு செய்து கொள்கிறார்கள். ஒவ்வொரு தடவைக்கும் 'டேக்' என்று பெயர். பிறகு, முதல் டேக்கிலிருந்து ஓர் அடி, நாலாவதிலிருந்து இரண்டு அடி, ஆறாவதிலிருந்து ஒரே ஒரு வார்த்தை என்று பொறுக்கி எடுத்து, தையல் தெரியாமல் ஒன்றாகச் சேர்த்து விடுகிறார்கள். இதற்குக் 'காம்பிங்' என்று பெயர். 'காம்போஸிட்' என்ற சொல்லின் வாலை அறுத்து இப்படிச் செய்திருக்கிறார்கள்.

சென்ற கோடையில் எங்கள் வீட்டிலேயே இந்தச் சிருஷ்டித் தொழில் நடந்தது. என் தமக்கைக்கு வயது 74. எங்கள் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று ஆறு கண்ணிகளும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எங்கள் தாயாருக்கு நாலு கண்ணிதான் நினைவிருந்தது; எனக்கு ஒன்றரை. எந்தப் புத்தகத்திலும் அது அச்சேறியதில்லை. அக்காவின் பேத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள்; அவளுக்கு ஆவணியில் பிரசவம் என்று ஏற்பட்டிருந்தது. அக்கா விமானம் ஏறக்கூடாதென்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுடைய குரலோ வருஷத்துக்கு வருஷம் மெலிந்து கொண்டு வந்தது. "இந்த வருஷம் விட்டால் அப்புறம் இல்லை, மாமா" என்றான் என் மருமான். அவனுக்குச் சப்தப் பதிவுதான் உத்தியோகம்.

கூடத்துக்கு உள்ளே இருக்கும் சிறிய அறையின் ஜன்னல்களை மெத்தைகளாலும் கம்பளிகளாலும் மூடினோம். மின்விசிறி சப்தம் போடும் என்று அதையும் நிறுத்தினான். வைகாசி மாதத்து வெயில். "என்னைப் பாடச் சொல்கிறாயா, இல்லை, இட்டிலிக் கொப்பரையில் வைத்து அவிக்கிறாயா?" என்று அக்கா கேட்டாள். கேள்வி நியாயமானதுதான்.

முற்காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. வேறு தொல்லை இருந்தது. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது, ஒரு கொம்புக்கு முன்னால் நின்று, சுமார் மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தையும் சாகித்தியத்தையும் முடித்து, கடைசியில் தம் பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது. மெழுகில் ஊசி கீறியது கீறியதுதான். நடுவில் பிசகினால் வேறொரு மெழுகில் முதலிலிருந்து பாட வேண்டும். பல வருஷங்களுக்குப் பிறகு காந்த நாடா வந்தது. அதைச் சவரக் கத்தியால் சாய்வாக அறுத்து ஒட்டலாம் என்று கண்டார்கள். 1967-இல் பீட்டில்ஸ் கோஷ்டியார் வெளியிட்ட 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' என்ற பாட்டில் முதல் ஒரு நிமிஷம் ஏழாவது டேக், மீதி இருபத்தாறாவது. இரண்டுக்கும் சுருதியும் வேறு, வேகமும் வேறு. நாடா ஓடும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பொருத்தி விட்டார்கள்!

கம்ப்யூட்டரில் கத்தியும் இல்லை, காயமும் இல்லை. மருமான் உபயோகிப்பது 'ரீப்பர்' என்ற மென்பொருள். எட்டு டேக்குகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக, மலைத்தொடர்களைப் போல் திரையில் தெரிகின்றன. எந்த இடத்தில் எந்த மலை ஒலிக்க வேண்டும் என்று குறித்தால் போதும். மற்றவை மௌனமாக இருக்குமே தவிர அழிவதில்லை. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் 'டக்' என்று ஒரு சப்தம் கேட்கும். அதைப் போக்க, ஒன்று தேயும்போதே மற்றொன்று வளரும்படி, வினாடியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இரண்டையும் கலந்து விடுகிறார்கள்.

ஆனால் இதெல்லாம் பாடுகிறவர் ஒரே சுருதியில் நின்றால்தானே? தனியாகப் பாடும்போது யாருக்கும் சுருதி கொஞ்சம் நகரும். அறையில் சுருதிப் பெட்டி போட்டாலோ, அந்த ரீங்காரமும் பதிவாகி, வெட்டும் இடமெல்லாம் குதித்துக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகையால் அக்காவின் ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிச் சுருதியைக் கேட்கச் செய்தான். காலப்பிரமாணத்துக்காக 'டிக் டிக்' என்று ஒரு தாளத்தையும் அதில் சேர்க்கப் பார்த்தான். "தொட்டில் ஆடுகிற ஆட்டம் எனக்குத் தெரியும். கடிகாரத்தைக் கேட்டா குழந்தை தூங்கப் போகிறது?" என்று அக்கா அதை மறுத்துவிட்டாள். அதனால் கண்ணியின் நடுவில் வெட்ட முடியாமல் போயிற்று. கண்ணிக்குக் கண்ணி மாற்றலாம். அதற்குள் கை வைக்க முடியாது. இதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

மூச்சு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பாடகர் மூச்சு இழுக்கும் சப்தம் அடுத்து வரும் அடியைச் சேர்ந்தது. அடியை எடுத்து மூச்சை விட்டு விட்டால், கேட்கிறவனுக்குக் காரணம் தெரியாமலே நெஞ்சு அடைப்பது போல் இருக்கும். மருமான் ஒவ்வொரு மூச்சையும் அதற்குரிய அடியோடு சேர்த்தே எடுத்தான். நல்ல தொழிலாளி.

மறுநாள் சாயங்காலம் அவன் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு கண்ணியும் எட்டில் சிறந்தது. சுருதி சுத்தம், வார்த்தை தெளிவு, பிசிறு கிடையாது. ஆனாலும் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஐந்தாவது டேக்கில், நாலாவது கண்ணியில், தாய் மாமன் சீர் கொண்டு வரும் இடத்தில் அக்காவின் குரல் உடைந்து போயிருந்தது. காலஞ்சென்ற எங்கள் மாமாவை நினைத்துக் கொண்டாள் போலிருக்கிறது. அந்தக் கண்ணிக்குப் பதிலாக மூன்றாவது டேக்கின் பிசகில்லாத கண்ணியை அவன் வைத்திருந்தான். உயிர் இருந்த இடத்தை வெட்டிவிட்டாயே என்று நான் வாதாடினேன். தொழில் தர்மம் என்று அவன் வாதாடினான்.

அக்கா இரண்டையும் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மூன்றாவதே இருக்கட்டும், தம்பி. தூங்க வேண்டிய குழந்தைக்கு என் அழுகை எதற்கு?" என்றாள்.

மருமான் வெற்றியோடு என்னைப் பார்த்தான். ஆனால் அக்கா அவனையும் விடவில்லை. "கடைசிக் கண்ணியை மாற்று. இவ்வளவு பளிச்சென்று பாடினால் தூங்கின குழந்தை விழித்துக் கொள்ளும். இரண்டாம் தடவை வாய்க்குள்ளேயே பாடினேனே, அது எங்கே?" என்றாள். இரண்டாவது டேக்கில் கடைசிக் கண்ணி கிட்டத்தட்ட முணுமுணுப்பு. இரண்டு வார்த்தைகள் சரியாகக் காதில் விழவே இல்லை. மருமான் முதலிலேயே அதைத் தள்ளியிருந்தான். ஏழாவதிலிருந்து எடுத்து வைத்த கம்பீரமான கண்ணியைக் கழற்றி, இதைப் பொருத்தினான். மறுபடியும் கேட்டோம். முதல் கண்ணியிலிருந்து தொட்டிலின் வேகம் மெள்ள மெள்ளக் குறைந்து, கடைசியில் கயிறு மட்டும் அசைவது போல் இருந்தது. தனியாகக் கேட்டால் எட்டில் மட்டமானது எதுவோ, அதுதான் அந்த இடத்துக்கு உரியதாயிற்று.

கனடா தேசத்துப் பியானோ வித்வான் க்ளென் கூல்ட் 1966-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் போன்ற அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். பாஹின் ஒரு 'ஃபியூக்'கை அவர் வாசித்த டேக்குகளில் ஆறாவதும் எட்டாவதும் குற்றமற்றவையாக அமைந்தன. ஆனால் ஒன்று முழுவதும் கனம். மற்றொன்று முழுவதும் துள்ளல். தனித்தனியே இரண்டும் சலிப்புத் தட்டின. ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதையும், நடுவுக்கு எட்டாவதையும் வைத்துச் சேர்த்தபோது, வாசிக்கும் சமயத்தில் அவருக்கே தோன்றாத ஓர் உருவம் கிடைத்தது. இப்படி ஒட்டுவது மோசடி என்று சொல்லுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கச்சேரி என்று சொல்லி ஒட்டுப் போட்டதை விற்றால் நானும் அந்தக் கட்சிதான். தாலாட்டு விஷயம் வேறு. பாட்டி எங்களுக்குப் பாடியதும், தாயார் பாடியதும், நான் ஒன்றரைக் கண்ணியில் பாடியதும் எந்த இரண்டு இரவும் ஒரே மாதிரி இருந்திருக்காது.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. பாட்டைப் போட்டால் மூன்றாவது கண்ணி வருவதற்குள் தூங்கிவிடுகிறாளாம். கடைசிக் கண்ணிக்காக இங்கே நடந்த யுத்தம் அவளுக்கு இன்னும் எட்டவில்லை. ஐந்தாவது டேக் மருமானுடைய கம்ப்யூட்டரில் அழியாமல் இருக்கிறது. அதில் ஒரு பிரதியை அக்காவிடம் சொல்லாமல் நான் வாங்கி வைத்துக் கொண்டிருக்கிறேன்.