கடைமடைக்குத் தண்ணீர் வரலைன்னா...

தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து பாகூர் ஏரி நிறைந்திருக்கிறது. ஆனால் கடைமடை வயல் காய்கிறது. விவசாயி என்ன செய்வார்? ஏரிக்கரையை வெட்ட மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோரமாக நடப்பார். எங்காவது மடை அடைத்திருக்கும்.

இந்தப் பொறுமை சர்வர் அறையில் பலருக்கு வருவதில்லை நண்பர்களே!

ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாக 'சான்', கிட்டத்தட்ட ஒரு ஏரிதான். ஒரே பெரிய டிஸ்க் பெட்டி, அதைப் பங்கு போடும் பல சர்வர்கள். சர்வருக்கு இங்கே ஹோஸ்ட் என்று பெயர். அதன் பங்குக்கு 'லன்' என்று பெயர். இதில் பெரும்பாலும் ஓடுவது ஃபைபர் சேனல். அது 1994-லேயே அமெரிக்கத் தரநிலையாகிவிட்டது.

ஹோஸ்டில் டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் கேபிள், விளக்கு, சுவிட்சில் லாகின் ஆகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. எல்லாம் பச்சையாக எரிந்தும் டிஸ்க் வராத கேஸ்தான் ஆளைக் கொல்லும்!

அப்போது கேட்கவேண்டிய கேள்வி: சமீபத்தில் ஹெச்.பி.ஏ. கார்டை மாற்றினார்களா? ஒவ்வொரு கார்டுக்கும் 'வேர்ல்டு வைட் நேம்' என்று 64 பிட் எண் உண்டு. எழுதினால் 16 ஹெக்ஸ் இலக்கம். கார்டு போனால் பொதுவாக எண்ணும் கூடவே போய்விடும். அந்த எண்ணை வைத்துத்தான் சுவிட்சில் ஜோனிங்கும், டிஸ்க் பெட்டியில் லன் மாஸ்கிங்கும் செய்திருப்பார்கள். புது கார்டை இரண்டுக்குமே அடையாளம் தெரியாது. ஆக, எதுவும் பழுதில்லை. கதவு சரியாகத்தான் பூட்டியிருக்கிறது. (B-யை 8 என்று தட்டினாலும் இதே கதிதான். காப்பி-பேஸ்ட் செய்வது உத்தமம்.) இரண்டு இடத்திலும் எண்ணை மாற்றி, ஹோஸ்டில் ரீஸ்கேன் கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும்.

அவசரக்காரர்கள் செய்வது வேறு. எல்லா ஹோஸ்டுக்கும் எல்லா லன்னையும் திறந்துவிடுகிறார்கள். இதுதான் கரையை வெட்டுவது. கிளஸ்டர் ஏற்பாடு இல்லாமல் இரண்டு ஹோஸ்ட் ஒரே லன்னில் எழுதினால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துபோகும். லினக்ஸ் லன் ஒன்று விண்டோஸ் கண்ணில் பட்டால், 'புது டிஸ்க், இனிஷியலைஸ் செய்யவா?' என்று அது அப்பாவியாகக் கேட்கக்கூடும். யாராவது தூக்கக் கலக்கத்தில் ஓகே அமுக்கினால், அப்புறம் பேக்கப் இருந்தால் பிழைத்தார்கள்.

இன்னொன்று: பழைய எண்ணை ஜோனிலிருந்தும் மாஸ்கிங்கிலிருந்தும் நீக்கவேண்டும். கழற்றிய கார்டு ரிப்பேராகி வேறொரு சர்வரில் ஏறினால், முதல் சர்வரின் டிஸ்க் அதற்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.